ஓடின பென்ஸும் நின்ற பென்ஸும்

என் காரின் மீட்டர் 2 லட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இதைச் சொன்னதுமே கோயம்புத்தூரில் பலருக்கு முகம் மாறும். "ஏனுங்க, அவ்வளவு ஓடின வண்டியையா வெச்சிருக்கீங்க?" என்பார்கள். வாங்கும்போதே 1 லட்சத்து 80 ஆயிரம் ஓடியிருந்தது என்றால் பாவமாகப் பார்ப்பார்கள். அது 2009 மாடல் பென்ஸ் என்று தெரிந்துவிட்டால் கேள்வியே வராது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதுபோல ஒரு மௌனம்.

போன மாதம் திருப்பூர் நண்பர் ஒருவர் இரண்டு விளம்பரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எதை எடுக்கலாம்?" என்று கேட்டார். இரண்டுமே என் வண்டியின் சகோதரர்கள்: சி 220 சிடிஐ டீசல். ஒன்று டெல்லியிலிருந்து வந்தது, 62,000 கிலோமீட்டர், போட்டோவில் பளபளப்பு கண்ணைக் கூசியது. இன்னொன்று ஈரோட்டுக்காரர் ஒருவருடையது. 2 லட்சத்துக்கு மேல் ஓட்டம், பின் பம்பரில் கீறல், கூடவே சர்வீஸ் பில்கள் அடங்கிய தடித்த ஃபைல் ஒன்று. டெல்லி வண்டிக்கு ஒன்றரை லட்சம் விலை கூடுதல். ஈரோட்டு வண்டியை எடுங்கள் என்று உடனே பதில் போட்டேன். "கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க" என்றார். யோசித்துத்தான் சொன்னேன், ஆனால் அந்த யோசனையை வாட்ஸ்அப்பில் தட்ட முடியாது. அதனால் இங்கே.

நம் ஊரில் பழைய காருக்கு விலை வைப்பது மூன்றை வைத்துத்தான்: எந்த வருடம், எத்தனையாவது ஓனர், எவ்வளவு ஓடியிருக்கிறது. முதல் இரண்டும் ஆர்சி புத்தகத்தில் இருப்பதால் யாரும் கை வைக்க முடியாது. மூன்றாவது டேஷ்போர்டில் இருக்கிறது. அதைத் திருப்பிவைத்துக் கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு. லேப்டாப்பும் ஒரு கேபிளும் இருந்தால் டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு லட்சம் கிலோமீட்டர் காணாமல் போய்விடும். வாங்குபவர்கள் குறைந்த ரீடிங்குக்குக் கூடுதல் பணம் தரத் தயாராக இருக்கும் வரை இந்தத் தொழிலும் இருக்கும்.

சரி, மீட்டர் உண்மையே சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் மாடலை விடக் கூடுதல் காசு கொடுத்து டீசல் பென்ஸை அன்றைக்கு வாங்கியவர் யார்? நிறைய ஓட வேண்டியவர். அப்படிப்பட்ட வண்டி 15 வருடத்தில் 62,000 என்றால் வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர்தான். பாதி நாள் போர்டிகோவில் கவர் போட்டு நின்றிருக்கிறது. நின்ற வண்டிக்கு வரும் நோய்கள் தனி. ஏசி கம்ப்ரஸரின் சீல் காய்ந்து கேஸ் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டேங்க் அடியில் பழைய டீசல் கசடு கட்டும். எலி வந்து குடித்தனம் நடத்தும், வயரைத்தான் தின்னும். பூட்டிக் கிடக்கும் வீடு குடியிருக்கும் வீட்டைவிட வேகமாகப் பாழாவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். மாறாக, மாதம் இருமுறை கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போய் வந்த வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிக்கே 500 கிலோமீட்டர். இன்ஜின் முழுச்சூட்டில், ஒரே வேகத்தில், பிரேக்கையும் கியரையும் அதிகம் படுத்தாமல் ஓடிய தூரம் அது. அப்படி ஓடிய 2 லட்சம், காந்திபுரம் சிக்னல்களில் ஊர்ந்த 60,000-ஐ விட மேல் என்பதை எந்த நல்ல மெக்கானிக்கிடம் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்.

டெல்லி வண்டிகள் தெற்கே வருவதற்குக் காரணம் ஊரறிந்தது. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தலைநகர்ப் பகுதியில் 10 வருடத்துக்கு மேலான டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அன்றிலிருந்து 2025 வரை அங்கே ஒன்பது வயதைத் தொட்ட டீசல் சொகுசு கார் என்றால் உரிமையாளருக்குக் கையைச் சுடும் பண்டமாக இருந்தது. தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி வெளி மாநிலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அப்படி வந்ததில் நல்ல வண்டிகளும் உண்டு, குறையே சொல்ல மாட்டேன். ஆனால் விலை மலிவு என்று மயங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்ற, வண்டியின் அசல் விலையையும் வயதையும் வைத்துக் கணக்கிட்ட ஆயுள் வரியைக் கட்ட வேண்டும். அந்த அசல் விலை சுமார் 30 லட்சம். நீங்கள் கொடுத்த 4 லட்சம் அந்தக் கணக்கில் வராது. வரியை யார் கட்டுவது, பழைய லோன் ஹைபோதிகேஷன் ஆர்சி-யில் நீக்கப்பட்டதா, என்ஓசி நம் ஆர்டிஓ பெயருக்கு இருக்கிறதா, இதெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியவை.

சென்னை வண்டி என்றால் பயம் வேறு. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். கேரள வண்டி என்றால் 2018 ஆகஸ்ட் வெள்ளம். முழுக்கச் சேதம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி எழுதித் தள்ளிய கார்கள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, வாசனை ஸ்ப்ரே அடித்து மறுபடி சந்தைக்கு வந்தன. சோதிப்பது சுலபம். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுங்கள். வழக்கமாகச் சுருண்டே இருக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரிகிறதா பாருங்கள். சீட்டைக் கழற்றிப் பெல்ட் மாற்றும் அளவுக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. அடுத்து, டோர் பக்கத்துப் பிளாஸ்டிக் பட்டையை நெம்பிக் கார்ப்பெட்டைத் தூக்கி அடியிலிருக்கும் கனமான ஸ்பாஞ்சைக் கையால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அது மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஸ்பேர் வீல் குழி, சீட் தண்டவாளத்தின் போல்ட் தலைகள், இங்கெல்லாம் துரு இருந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டு டீ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். இன்றைய சொகுசுக் காரில் கம்ப்யூட்டர் பெட்டிகள் தரைக்கு அருகில்தான் இருக்கின்றன. தண்ணீர் குடித்த பெட்டி உடனே சாகாது, இரண்டு வருடம் உங்களோடு விளையாடிவிட்டுத்தான் சாகும்.

மீட்டரைச் சோதிக்க ஒரு கையடக்க ஸ்கேனர் போதும். பென்ஸுக்கென்றே தனி மென்பொருள் உள்ளதாக வாங்குங்கள். 500 ரூபாய் ப்ளூடூத் டப்பா இன்ஜினை மட்டும் படிக்கும், மற்றப் பெட்டிகளோடு பேசாது. கியர்பாக்ஸ், பிரேக், ஏர்பேக் என்று ஒவ்வொரு கன்ட்ரோல் யூனிட்டிலும் பழைய பிழைக் குறியீடுகள் தங்கியிருக்கும். பல குறியீடுகளின் பக்கத்தில் அது பதிவான கிலோமீட்டரும் இருக்கும். டேஷ்போர்டு 62,000 என்று சத்தியம் செய்கிறது, கியர்பாக்ஸ் பெட்டியோ 1,41,000-இல் எனக்கு ஒரு கோளாறு வந்தது என்கிறது என்றால், யார் பேச்சை நம்புவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நண்பர் டெல்லி வண்டியைப் பார்க்கப் போனபோது ஸ்கேனர் போடட்டுமா என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் எதுக்கு சார், வண்டி சும்மா கண்டிஷன்ல இருக்கு" என்று பதில். நண்பர் நேரே ஈரோட்டுக்கு வண்டியை விட்டார்.

இனி பராமரிப்பு. வாங்கும்போது 30 லட்சம் கார் 4 லட்சத்துக்குக் கிடைக்கும். ஆனால் அதன் பிரேக் டிஸ்க்கும் சஸ்பென்ஷன் ஆர்மும் 30 லட்சம் காருக்கான விலையிலேயே இருக்கும். காரின் விலை இறங்க இறங்க பார்ட்ஸ் விலை ஏறிக்கொண்டுதான் போகும். இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, செலவில் பெரும் பங்கு பார்ட்ஸிலும் போவதில்லை, கூலியிலும் போவதில்லை என்பது. தவறாகக் கண்டுபிடித்த கோளாறில்தான் போகிறது. தேவையில்லாததை மாற்றிவிட்டு, கோளாறு அப்படியே இருக்க, அடுத்ததை மாற்றுவார்கள். இந்த வரிசையில்தான் இந்தக் கார்கள் குடும்பங்களைக் கடனாளியாக்குகின்றன. நாமே பார்த்துக்கொள்வதில் மிச்சமாகும் பணத்தில் முக்கால்வாசி, ஸ்பேனர் பிடிப்பதால் மிச்சமாவதில்லை. உட்கார்ந்து யோசிப்பதால் மிச்சமாகிறது.

ஒரு உதாரணம். சிக்னலில் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர் டி-யில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்க ஆரம்பித்தன. ஒரு பட்டறையில் காட்டினேன். ஐந்து நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, நாலு இன்ஜெக்டரும் போய்விட்டது, லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். டீசல் காரில் நடுக்கம் என்றால் இன்ஜெக்டர் என்பது பொதுவான ஞானம். வீட்டுக்கு வந்து அதே நடுக்கத்தோடு நிறுத்தி, கியரை நியூட்ரலான என்-க்குத் தள்ளினேன். நடுக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. மறுபடி டி, மறுபடி நடுக்கம். இன்ஜெக்டர் கெட்டிருந்தால் என்-லும் இன்ஜின் தள்ளாட வேண்டும். டி-யில் மட்டும் என்றால் இன்ஜின் சுமையேற்கும்போது எதன் மீதோ சாய்ந்து இடிக்கிறது. ஸ்கேனரைப் போட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுகிறது என்று பார்த்தேன். நான்கும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தன. ஒரு இன்ஜெக்டர் சோம்பேறியாக இருந்திருந்தால் அதன் எண் மட்டும் துருத்திக்கொண்டு நின்றிருக்கும்.

ஆக, இன்ஜின் மவுன்ட். இந்தக் காரில் அது வெறும் ரப்பர் கட்டை கிடையாது, உள்ளே திரவம் நிரப்பியது. வயதானால் திரவம் கசிந்து மவுன்ட் அமுங்கிப்போகும். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் மரப்பலகை வைத்து, அதன் மேல் ஜாக் கொடுத்து இன்ஜினை நூலளவு தூக்கிக்கொண்டு, மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். சொல்வதற்கு இவ்வளவுதான், ஆனால் கை நுழையாத இடம். புதியதையும் பழையதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பழையது ஒரு விரல் கனத்துக்குத் தாழ்ந்திருந்தது. இரண்டு இன்ஜின் மவுன்ட், கியர்பாக்ஸுக்கு ஒன்று, மூன்றும் சேர்த்து 20,000 ரூபாய்ப் பக்கம். இன்ஜெக்டர்கள் இன்றைக்கும் அவைதான்.

இன்ஜெக்டர் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு. அவற்றின் அடியில் செம்பு வாஷர் ஒன்று இருக்கும். அது தளர்ந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு மெல்ல மேலே கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுத்து இறுகிவிடும். வெளிநாட்டு மெக்கானிக்குகள் இதைக் 'கறுப்புச் சாவு' என்பார்கள். ஆரம்பத்திலேயே கேட்டுப் பிடிக்கலாம்: குளிர்ந்த இன்ஜினில் 'சுக் சுக்' என்று ரயில் சத்தம், காருக்குள் லேசாகப் புகைநெடி. அந்தக் கட்டத்தில் வாஷரும் புது போல்ட்டும் போதும், பழைய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது, அது ஒருமுறை இழுபட்டால் அவ்வளவுதான். ஒரு வருடம் கண்டுகொள்ளாமல் விட்டால் இன்ஜெக்டரைப் பிடுங்க ஹைட்ராலிக் கருவியே வேண்டும். இன்ஜின் மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பதை ஆயில் மாற்றும்போதெல்லாம் பழக்கமாக்கிக்கொண்டால் நல்லது.

ஆயில் மாற்றுவதுதான் இந்தக் காரில் மிகச் சுலபமான வேலை. நம்ப மாட்டீர்கள், ஆல்ட்டோவை விடச் சுலபம். காருக்கு அடியில் போகவே வேண்டாம். இன்ஜினைச் சூடாக்கி, டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூபை இறக்கி, வேக்குவம் பம்ப்பால் உறிஞ்சி எடுத்துவிடலாம். ஆறரை லிட்டர். ஃபில்டரும் மேலேயே பிளாஸ்டிக் கூண்டுக்குள் நிற்கிறது. அதன் மூடிக்கு 74 மில்லிமீட்டர் கிண்ணம் போன்ற ஸ்பேனர் ஒன்று வேண்டும், மூடியைத் திரும்ப இறுக்கும்போது டார்க் ரென்ச்சில் 25 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகக் கூடாது, பிளாஸ்டிக் விரிந்துவிடும். கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போட வேண்டாம். பிளேடால் காகிதத்தை வெட்டி மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருப்பது சரி. மினுமினுப்பாக உலோகத் தூள் தெரிந்தால் இன்ஜின் உங்களிடம் ஏதோ சொல்கிறது. வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு மலிவில் கிடைக்காது. மேனுவல் 15,000 கிலோமீட்டர் வரை விடலாம் என்றாலும் நம் வெயிலுக்கும் தூசுக்கும் டிராபிக்குக்கும் நான் 8,000-த்தில் மாற்றிவிடுவேன்.

கியர்பாக்ஸ் கதைதான் எனக்குப் பிடித்தது. 722.6 என்ற எண் கொண்ட ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். 1990-களின் நடுவில் வந்தது, பத்து வருடத்துக்கும் மேலாகப் பல மாடல்களில் ஓடியது. மஹிந்திரா இங்கே விற்ற ரெக்ஸ்டனில்கூட இதுதான் இருந்தது. அதனால் பார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை. இதன் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு 60,000 கிலோமீட்டரில் மாற்றச் சொன்னார்கள். யாருடைய ஆயுள் என்று அவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை. பழைய அறிவுரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு லட்சம் வரை தொடாமல் விட்ட பெட்டிகள் இன்றும் சந்தையில் உண்டு. ஈரோட்டு ஃபைலில் நான் முதலில் தேடச் சொன்னது கியர் ஆயில் மாற்றிய பில்லைத்தான், இருந்தது.

இந்தக் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் 13 ஊசிகள் கொண்ட பிளக் ஒன்று செருகியிருக்கிறது. அது செருகும் பிளாஸ்டிக் புஷ்ஷில் இரண்டு ஓ-ரிங். வயதானால் அந்த ரப்பர் வளையம் கெட்டியாகி ஆயில் கசியும். கீழே சொட்டினால் பரவாயில்லை, தரையில் தெரிந்துவிடும். இது அப்படிச் செய்யாது. வயரின் செம்பு இழைகளுக்கு இடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலே ஏறி, கன்ட்ரோல் யூனிட்டுக்குள் போய்விடும். அப்புறம் ஒருநாள் வண்டி இரண்டாவது கியரிலேயே மாட்டிக்கொண்டு மாற மறுக்கும். சில நூறு ரூபாய்ச் சாமானைக் கவனிக்காமல் விட்டதற்கு ஆயிரக்கணக்கில் தண்டம். நான் முன்னெச்சரிக்கையாகவே கழற்றினேன். வெப்பத் தடுப்புத் தகட்டை விலக்கி, பிளக்கின் பூட்டைக் கால் சுற்றுத் திருப்பினால் வெளியே வருகிறது. உள்ளே ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் போல்ட். ஊசிகளில் மெல்லிய ஈரம் தெரிந்தது, வயரில் ஏறவில்லை. புது புஷ்ஷைப் போட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். இதில் டிப்ஸ்டிக் குழாய் மட்டும் உண்டு, டிப்ஸ்டிக் கிடையாது. பட்டறைக்குத் தனியாக ஒன்று விற்கிறார்கள். 25 டிகிரிக்கு ஒரு கோடு, 80 டிகிரிக்கு ஒரு கோடு. கியர் ஆயிலின் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே அளவு பார்க்க வேண்டும். உத்தேசமாக ஊற்றுகிற வேலை இங்கே நடக்காது.

இந்த மாடலின் ஊரறிந்த பலவீனம் ஸ்டீயரிங் பூட்டு. சாவியைச் செருகினதும் டேஷ்போர்டுக்குள் 'விர்ர்' என்று ஒரு சின்ன மோட்டார் ஓடிப் பூட்டைத் திறக்கும். அந்த மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தால் ஒருநாள் சாவியைச் செருகுவீர்கள், எந்தச் சத்தமும் வராது. வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஸ்டீயரிங்கும் திரும்பாது, தள்ளிக்கொண்டுகூடப் போக முடியாது. ஸ்டீயரிங் தண்டைத் தட்டினால் சில சமயம் கடைசியாக ஒருமுறை திறக்கும். திறந்தால் நேரே தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் ஆளிடம் போய்விட வேண்டும், வழியில் டீக்கடையில்கூட இன்ஜினை அணைக்கக் கூடாது. பூட்டியே செத்துவிட்டால் வேலை மூன்று மடங்கு. 'விர்ர்' சத்தம் இழுத்து இழுத்து வர ஆரம்பித்ததும் மோட்டாரை மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம், நான் அப்படித்தான் செய்தேன். கார் வாங்கப் போகிறவர்கள் சாவி போடும்போது பாட்டை நிறுத்திவிட்டு இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்பது அடுத்து எல்லோரும் கேட்பது. முதலில் பார்ட் நம்பரைப் பிடிக்க வேண்டும். 'ஏ' எழுத்தோடு பத்து இலக்கம். சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்க்காமல் "2009 சி கிளாஸ் பிரேக் பேட்" என்று கேட்டால் நாலு தினுசு காட்டுவார்கள், ஒன்றும் பொருந்தாது. நம்பர் கையில் இருந்தால் ஷோரூம் கவுன்டரில் விலை கேட்டுக்கொண்டு, அதே பார்ட்டைச் செய்கிற கம்பெனியின் பெட்டியில் தேடலாம். சஸ்பென்ஷனுக்கு லெம்ஃபோர்டர், ஃபில்டருக்கு மான், மாலே, ஹெங்ஸ்ட், எலக்ட்ரிக்கலுக்கு பாஷ். லெம்ஃபோர்டர் ஆர்மைக் கையில் எடுத்துப் பார்த்தால் வார்ப்பில் ஒரு இடம் மட்டும் அரைத்துவிட்ட மாதிரி இருக்கும். பென்ஸின் நட்சத்திரம் இருந்த இடம் அது. அந்த நட்சத்திரத்துக்குத்தான் கூடுதல் பணம். டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து கூரியரில் வருகிறது. பழைய சாமான் என்றால் சென்னைப் புதுப்பேட்டை. கண்ணாடி, கைப்பிடி, லைட் என்றால் தைரியமாகப் பழையது வாங்குவேன். பிரேக், ஸ்டீயரிங், ரப்பர் எதுவானாலும் பழையது கூடாது.

கோயம்புத்தூரில் இருப்பதன் பெரிய சௌகரியம் லேத் பட்டறைகள். பம்ப்செட் ஊர் இல்லையா, தெருவுக்கு ஒரு ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும். கன்ட்ரோல் ஆர்மின் புஷ்ஷை மட்டும் மாற்ற கணபதிப் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். சுத்தியலை எடுத்தவனை ஒரு பார்வை பார்த்தார். "அடிச்சு ஏத்தாதீங்க தம்பி, கோணிக்கும். வெளி வளையத்துக்கு அளவா ஒரு கிண்ணம் கடைஞ்சு தாரேன், அதை வெச்சு அமுக்கினா நேரா உக்காரும்" என்றார். கடைந்து கொடுத்தார், அந்தக் கிண்ணம் இப்போதும் என் டூல் பெட்டியில் இருக்கிறது. கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "வண்டியத் தூக்கி வெச்சு போல்ட்ட இறுக்காதீங்க." இதைப் பல பட்டறைகளிலேயே கடைப்பிடிப்பதில்லை. ரப்பர் புஷ் உள்ளேயும் வெளியேயும் இரும்போடு ஒட்டியது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், கொஞ்ச காலத்தில் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. "ஜெர்மன் பார்ட்டுங்க, ஆறு மாசத்துல போச்சு" என்று புலம்புகிறவர்களின் புலம்பலில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

நான் தொடாத வேலைகளும் உண்டு. ஏர்பேக் இருக்கும் எதையும் பிரிக்க மாட்டேன். ஏசி கேஸ், வீல் அலைன்மென்ட் வெளியே. வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்க மாட்டேன், இரண்டு ஜாக் ஸ்டாண்ட், அதற்கு மேல் கழற்றிய சக்கரத்தையும் காருக்கு அடியில் தள்ளிவைப்பேன். அபார்ட்மென்டில் இருப்பவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் முன் அசோசியேஷன் செயலாளரின் குணத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தனி வீடு, சிமென்ட் தரை, பொறுமையான மனைவி. அவருக்கும் ஒரு எல்லை உண்டு: புஷ் ஏற்றச் சமையலறை சோப் தண்ணீரை எடுத்தால் டப்பாவைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது, புதிதாகத்தான் வாங்கித் தர வேண்டும்.

பணக் கணக்கு கேட்பீர்கள். காரின் விலையில் ஒரு 40 சதவீதத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் வாங்கினேன், முதல் வருடத்திலேயே அதில் பெரும்பகுதி போய்விட்டது. டயர், மவுன்ட், பிரேக், எல்லா ஆயில், கூலன்ட், பேட்டரி. முந்தின ஓனர் விற்க முடிவு செய்த நாளிலிருந்து எதையும் மாற்றியிருக்க மாட்டார், அது மனித இயல்பு. அதன் பிறகு வருடம் 40,000-லிருந்து 60,000 வரை, இன்ஷூரன்ஸ் சேர்க்காமல். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது. வார இறுதியில் கை கறுப்பாவது பிடிக்காதவர்களுக்கு இதே கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் வரும், அவர்கள் புதுசாக ஒரு ஹோண்டா வாங்கிக்கொள்ளலாம். கிண்டலாகச் சொல்லவில்லை.

15 வருடம் முடிந்ததும் ஆர்சி-யைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். கூடவே பசுமை வரி, தகுதிச் சான்று (எஃப்சி), புகைச் சான்று. வண்டி நல்ல நிலையில் இருந்தால் எஃப்சி-யில் பயப்பட ஒன்றுமில்லை. லைட் எல்லாம் எரிகிறதா, வைப்பர் ஓடுகிறதா, பிரேக் நேராகப் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்த மாடலில் பின் லைட்டின் எர்த் ஊசி சூடாகிக் கருகுவது உண்டு, போவதற்கு முன் பல்ப் கூட்டைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். எனக்கு அங்கே நேரம் போனது வேறு ஒன்றில். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். உதவிக்கு வந்த புரோக்கர் பானெட்டைத் திறந்து நெடுநேரம் தேடினார், கீழே குனிந்து தேடினார், "நம்பரே இல்லீங்ணா இந்த வண்டில" என்று கொஞ்சம் குரலை உயர்த்தியும் சொல்லிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி என்னைத் திருட்டு வண்டிக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, கார்ப்பெட்டில் வெட்டியிருக்கும் சின்ன மடலைத் தூக்கிக் காட்டினேன். "பென்ஸுக்காரன் இதையும் சீட்டுக்கு அடியிலதான் ஒளிச்சு வெப்பானாட்ட இருக்குது" என்றார்.

இனி 2029-இல் போனால் போதும். அதற்கு முன்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங்கில் விரிசல் தெரிய ஆரம்பித்திருக்கிறது. பார்ட் வந்துவிட்டது, போல்ட்டும் புதுசு. மழை விட்டால் ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிடுவேன், எப்படிப் போனது என்று படங்களோடு எழுதுகிறேன்.